கிணற்றடியில் கட்டிய கிடாய்

அன்றைக்கு எனக்கிருந்தது ஒரே வேலை. கிணறு கிண்டுகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு வருவது.

கண்டக்குழிக் கடற்கரை மணலுக்குள் பவள முருகைக்கல்லால் கட்டிய பழைய கிணறொன்று வெளிப்பட்டிருந்தது. தொல்லியல் படித்த சேர் ஒருவர் வழிகாட்ட, ஊராக்கள்தான் கிண்டினார்கள். நாட்டில் சண்டை முடிந்து, சுற்றுலாக்காரருக்கு லொட்ஜுகள் கட்டத் தொடங்கியதிலிருந்து, மணல் ஏற்றும் டிராக்டர்களுக்கு அந்த வழியால்தான் ஓட்டம். கிணறு இடிந்துவிடும், வேலி போட்டுத் தாங்க என்று கேட்டால், "அந்த வெட்டவெளிக்கு யார் வரப்போறாங்க?" என்பார் பிரதேச செயலக அதிகாரி. கடைசியில் அன்றுதான் நேரில் பார்க்க வருகிறார்.

ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானுக்கு வளர்க்கிற கிடாயைத் தனியே விட்டுப்போக எனக்கு மனமில்லை. கள்ளன் வந்தால்? நாய் கடித்தால்? ஒரு கையில் சுடுதண்ணிப் போத்தல், மறுகையில் ஆடு.

"ராத்தா, இவருக்கும் தேத்தண்ணியா?" என்று ஆட்டைக் காட்டிக் கேட்டான், தம்பி முறையில் பழகும் பக்கத்து வீட்டு அந்தோனி, மண்வெட்டியோடு.

"ஒன்ட வேலயப் பாரு."

கட்ட ஒரு மரமில்லை. ஆனால் நிலத்தில் வரிசையாக ஆப்புகள், அவற்றில் நூல் இழுத்துச் சதுரம் சதுரமாகக் கட்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் சதுரம் வருவதற்கு முந்தியே நின்றவள் நான். இறுக்கமான ஆப்பாகப் பார்த்து ஆட்டைக் கட்டினேன்.

தேத்தண்ணி ஊற்றும்போது அதிகாரியின் ஜீப் வந்து ஹோர்ன் அடித்தது.

கிடாய் மிரண்டு பாய்ந்தது. ஆப்பு கழன்றது. ஆப்போடு நூல், நூலோடு மற்ற ஆப்புகள். ஆடு போன பக்கமெல்லாம் சதுரங்களும் போயின.

சேர் தலையில் கை வைத்தார். "ராத்தா, நாங்க அளக்கிறதே அந்த ஆப்புகள வச்சித்தான்."

"நல்ல இறுக்கமா இருந்திச்சே சேர்," என்றேன்.

அதற்குள் கிடாய் கிணற்று விளிம்பில் ஏறிவிட்டது. காலடியில் ஒரு கல் ஆடியது. ஆடு விழுந்தால் குர்பான் போச்சு. கல் விழுந்தால் ஊரில் நான் இருந்த மாதிரித்தான். யாருக்கு முதலில் துஆக் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.

அந்தோனி பதுங்கிப்போய்ப் பின்னங்காலைப் பிடித்தான். கல் விழவில்லை.

அதிகாரி அந்தக் கல்லையே பார்த்தபடி நின்றார். "ஒரு ஆட்டுக்கே இப்பிடி ஆடுதே. டிராக்டர் வந்து இடிச்சா?"

"அதத்தானே சேர் இவ்வளவு நாளும் சொன்னம்," என்றான் அந்தோனி, ஆட்டை விடாமலே.

வேலி வந்துவிட்டது. கதவும் பூட்டும்கூடப் போட்டாச்சு. கிண்டுகிற எல்லாரிடமும் சாவி இருக்கிறது.

நான் தேத்தண்ணியை வேலிக்கு மேலால்தான் நீட்டுகிறேன்.