சம்பந்தி வீட்டில் திருப்பிப் போட்ட சட்டை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதுவது என் வேலை இல்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு, பிறகு செமோரில் மூன்றாம் படிவம் வரை போனேன். அதற்கு மேல் என்னால் முடியாது என்று எனக்கும் தெரிந்தது, வாத்தியாருக்கும் தெரிந்தது. ஈப்போவில் ஓர் இரும்புச் சாமான் கடையின் ஸ்டோரில், ஆணி, தாழ்ப்பாள், குழாய்களோடு காலம் தள்ளுகிறவன் நான். அவை என் கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்வதில்லை.

ஆனாலும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது. பாகான் செராயில் எனக்கு நேர்ந்ததை என் மனைவி சரோஜா ஒவ்வொரு விசேஷத்திலும் சொல்லிக்கொண்டு வருகிறாள். ஒவ்வொரு முறையும் கதை கொஞ்சம் வளர்கிறது. போன தீபாவளிக்கு நான் அலறிக்கொண்டு தென்னைமரத்தில் ஏறியதாகச் சொன்னாள். நான் ஏறியது வயல் வரப்பு. அலறவும் இல்லை. (முனகியிருக்கலாம்.)

எனக்கு ஆட்டிசம் இருக்கிறது. தலை நரைத்த பிறகுதான் தெரியும். கண்டுபிடித்தவள் என் மகள் தேவி. சிறப்புக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறவள். ஒருநாள் வேலை முடிந்து வந்தவள், நான் புதுப் பனியனின் கழுத்து லேபிளைக் கத்தரித்துக்கொண்டிருந்ததை வாசலிலேயே நின்று பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "அப்பா, உங்கள ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவட்டுமா?" என்றாள். எனக்கு ஏதோ பெரிய வியாதி, வீட்டில் எல்லாரும் சேர்ந்து மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டி, போகும் வழியெல்லாம் வாயைத் திறக்கவில்லை. டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். பிறவியிலேயே என் மூளையின் அமைப்பு அப்படியாம். சத்தம், வெளிச்சம், வாசனை, துணியின் தையல் எல்லாம் மற்றவர்களைவிட எனக்குக் கூடுதலாக உறைக்குமாம். முகத்தைப் பார்த்து மனதை அறிவது மட்டும் எனக்குக் கடினமாம். "அவ்வளவுதானா?" என்று கேட்டேன். இத்தனை காலமும் எல்லாருக்கும் அப்படித்தான், அவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள், நான் மட்டும் கோழை என்று நினைத்திருந்தேன்.

முகம் புரியாதவனுக்குச் சந்தேகம்தான் துணை. ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தால் அது சந்தோஷமா, கிண்டலா, பல்வலியா என்று எனக்குத் தெரியாது. எதற்கும் கிண்டல் என்றே வைத்துக்கொள்வேன். பக்கத்து வீட்டுக்காரர் காலையில் கையசைத்தால்கூட, எதற்காக அசைத்தார் என்று மத்தியானம்வரை யோசிப்பேன்.

இப்படிப்பட்ட ஆளைத்தான் சம்பந்தம் பேசப் பாகான் செராய்க்கு அழைத்துப் போனார்கள்.

பையன் பெயர் குமரன். தைப்பிங்கில் வயரிங் வேலை. தேவியும் அவரும் தாங்களாகவே பழகிப் பிடித்துப்போனவர்கள். இனிப் பெரியவர்கள் பார்த்துப் பேசி முடிக்க வேண்டியதுதான் பாக்கி. அப்பா இல்லாத பையன். அம்மா செல்லம்மா சரி என்றால் சரி, இல்லை என்றால் இல்லை. அம்மா பேச்சை அவர் தட்டியதே இல்லை என்று தேவியே சொல்லியிருந்தாள்.

"முன்னாடியே அவங்க அம்மாகிட்ட சொல்லிடலாம்பா," என்றாள் தேவி.

"எதை?"

"உங்களப் பத்தி."

"வேணாம். கல்யாணம் முடியட்டும்."

"மறைச்சா தப்பா நெனைப்பாங்கப்பா."

"தெரிஞ்சா மட்டும் மாலை போட்டுக் கூப்பிடுவாங்களா?"

என்னால் என் மகளின் கல்யாணம் நின்றுவிடக் கூடாது. எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான். ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சாதாரண மனிதனாக நடிப்பது என்று தீர்மானித்தேன். சரோஜா பயிற்சி கொடுத்தாள். கண்ணைப் பார்க்க முடியாவிட்டால் புருவத்தைப் பார்க்க வேண்டும். எல்லாரும் சிரித்தால் சிரிக்க வேண்டும். நான் தப்பாகப் பேசினால் அவள் இருமுவாள், உடனே நிறுத்திவிட வேண்டும்.

சட்டை விஷயத்தில்தான் சனி பிடித்தது. சரோஜா எனக்காக ஜரிகைக் கரை வைத்த புதுச் சட்டை வாங்கியிருந்தாள். காடி தைப்பிங்கைத் தாண்டுவதற்குள் (மழை வேறு) கழுத்திலும் அக்குளிலும் யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போல் இருந்தது. பெட்ரோல் ஸ்டேஷனில் நிறுத்தச் சொல்லி, கழிவறைக்குள் போய்ச் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். தையல் வெளியே, சொர்க்கம் உள்ளே. மேலே ஒரு சால்வையைப் போர்த்தி மறைத்துவிட்டேன். காடி ஓட்டிய தேவிக்கும் தெரியாது, முன்னால் உட்கார்ந்திருந்த சரோஜாவுக்கும் தெரியாது. உலகத்தை ஏமாற்றிவிட்ட பெருமை எனக்கு.

கால்சட்டைப் பையில் ஒரு கைக்குட்டை நிறைய கிரீம் கிராக்கர் பிஸ்கட்டும் இருந்தது. கத்தரிக்காய், முருங்கைக்காய், குழம்பில் ஊறிய சோறு எதுவும் என் தொண்டைக்குள் இறங்காது. முன்னெச்சரிக்கையாம்.

"வாங்க சம்பந்தி, வாங்க! பசியாறியாச்சா?" என்று செல்லம்மா அக்கா வாசலில் வரவேற்றார். நான் அவர் புருவத்தைப் பார்த்தேன். நன்றாக, அசையாமல் பார்த்தேன். அவர் கையால் புருவத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

உள்ளே தொலைக்காட்சியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். அடுப்படியில் குக்கர் கூவியது. எல்லாவற்றுக்கும் மேலாக, கூரையில் ஒரு ஃபேன். ஒவ்வொரு சுற்றுக்கும் 'டிக்'. என்னை மிகச் சரியாக அதன் அடியில் உட்கார வைத்தார்கள். வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று பட்டது.

வாழை இலை போட்டார்கள். குமரனின் அம்மா விடியலிலேயே எழுந்து சமைத்ததாகச் சரோஜா காதோடு சொன்னாள். கத்தரிக்காய்ப் பிரட்டல், முருங்கைக்காய் சாம்பார், ஆட்டிறைச்சி.

"எனக்கு வெறும் சோறு போதுங்க."

"கறி சாப்பிட மாட்டீங்களா?"

"சாப்பிடுவேன். ஆனா இங்க வேணாம்."

சரோஜா இருமினாள். கறிவேப்பிலை மாட்டிக்கொண்டதோ என்று தண்ணீரை நகர்த்தி வைத்தேன்.

செல்லம்மா அக்கா ரசம் எடுக்கத் திரும்பிய நேரம் பார்த்து ஒரு பிஸ்கட்டை வாய்க்குள் தள்ளினேன். 'கறுக்'. அந்த வீட்டின் அத்தனை சத்தத்தையும் மீறிக் கேட்டது அது. அவர் திரும்பி, என் வாயைப் பார்த்தார். பிறகு தொடாத இலையைப் பார்த்தார். நான் கை கழுவக் குனிந்தபோது சால்வை நழுவி விழுந்தது. அவர் என் முதுகுத் தையலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில், இருட்டோடு பால்மரம் வெட்டப் போகிறவர்களைப் பேய் வழி மறித்தால் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள். அதேபோல, ஒரு வீட்டில் மருந்து வைத்துவிடுவார்கள் என்று பயப்படுகிறவன் அங்கே கை நனைக்க மாட்டான். செல்லம்மா அக்கா தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். நானும்தான். அவருக்கு உடனே ஞாபகம் வந்தது, எனக்கு வரவில்லை.

தேவியும் குமரனும் பின்பக்கம் கோழி பார்க்கப் போயிருந்தார்கள். அடுப்படியில் செல்லம்மா அக்கா போனில் கிசுகிசுத்தார். என் காதுக்குக் கிசுகிசுப்பு என்று ஒன்று கிடையாது.

"கண்ணப் பார்த்துப் பேச மாட்டேங்குறாருண்ணே... ஆமா, நம்ம வீட்டுச் சோத்தத் தொடல... நீ சீக்கிரம் வா. சம்பந்தம் பேசறதுக்கு முன்னாடி வந்துடு."

போச்சு. ஆட்டிசம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள், அண்ணனை வைத்துப் பேச்சை முறிக்கப் போகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ராமையா. பழைய தோட்டத்து முனியாண்டி கோயில் பூசாரி. பட்டை பட்டையாகத் திருநீறு, கையில் ஒரு துணிப்பை. எனக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் கண்ணைத் தேடினார். நான் அவர் புருவத்தைத் தேடினேன். திருநீற்றில் புருவமே தெரியவில்லை.

"எத்தன நாளா இருக்கு?" என்றார் மெதுவாக.

இனி மறைத்துப் பயனில்லை. "பொறந்ததுல இருந்தே."

செல்லம்மா அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"யாருகிட்ட காட்டுனீங்க?"

"ஈப்போல ஒரு டாக்டரம்மா. உக்கார வெச்சு நெறைய கேள்வி கேட்டாங்க."

"அது பதில் சொல்லிச்சா?"

"நான்தான் சொன்னேன்."

"போவும்னு சொன்னாங்களா?"

"போவாதாம். அதோடவே வாழப் பழகிக்கணுமாம்."

சரோஜா இருமிய இருமலில் அவளுக்கே புரையேறிவிட்டது.

ராமையா அண்ணன் தங்கையைப் பார்த்துத் தலையாட்டினார். துணிப்பையைத் திறந்தார். கலயத்தில் சாம்பிராணிப் புகை கிளம்பியது. மறு கையில் வெண்கல மணி. அந்தச் சின்ன ஹாலில், என் காதுக்குப் பக்கத்தில், அதை ஓங்கி ஆட்டினார்.

மணி அடித்தது என்று மற்றவர்கள் சொல்வார்கள். எனக்கு அந்தச் சத்தம் பல்லுக்குள் இறங்கியது. புகை மூக்கில் ஏறி நெற்றிக்குள் எரிந்தது. ஃபேன் 'டிக்' என்றது. அவ்வளவுதான், காதைப் பொத்திக்கொண்டு எழுந்தேன். நாற்காலி விழுந்தது, கதவு திறந்தது, செருப்பு ஒன்று மட்டும் காலில் இருந்தது.

"ஓடுது! ஓடுது! மணிச்சத்தம் பொறுக்கல பாரு!" என்று பின்னால் ராமையா அண்ணன் கத்தியது கேட்டது. வெற்றிக் குரல்.

வீட்டுக்குப் பின்னால் வயல். வரப்பில் ஏறி நின்றேன். அப்பாடா. பச்சை, காற்று, தண்ணீர் ஓடும் சத்தம். கொஞ்ச நேரத்தில் தேவி வந்தாள். கிட்டே வரவில்லை, தொடவில்லை. தள்ளி நின்றாள். அவளுக்குத் தெரியும்.

"அப்பா, சட்டைய எப்ப திருப்பிப் போட்டீங்க?"

"தைப்பிங் தாண்டி."

"அங்க உங்களுக்குப் பேய் புடிச்சிருக்குன்னு பேசிக்கிறாங்கப்பா."

நான் கொஞ்சம் யோசித்தேன். "அப்ப ஆட்டிசம்னு தெரியாதா?"

"தெரியாது."

உண்மையாகவே ஒரு நிமிடம், பேய் என்றே இருந்துவிடட்டும் என்று தோன்றியது. பேயை ஓட்டிவிட்டால் கல்யாணம் நடக்கும். மகளைப் பார்த்தேன். அவள் அழுகிறாளா, சிரிப்பை அடக்குகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. "நீ அழுவுறியா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம். பயமா இருக்குப்பா. ஆனா நீங்க நடிக்க வேணாம்."

திரும்பிப் போனேன், ஒற்றைச் செருப்போடு. ஹாலில் எல்லாரும் நின்றார்கள். புருவத்தைப் பார்க்கிற வேலையையும் விட்டுவிட்டேன். தரையைப் பார்த்தே சொன்னேன்.

"பேய் இல்லீங்க. இதுக்கு ஆட்டிசம்னு பேரு. சத்தம் எனக்கு வலிக்கும். தையல் குத்தும். குழம்புச் சோறு எறங்காது. உங்க சமையல் மேல சந்தேகம் இல்ல. யாரு மொகத்தையும் எனக்குப் பார்க்கத் தெரியாது. தெரிஞ்சா எம்மகள வேணாம்னு சொல்லிடுவீங்கன்னுதான் மறைச்சேன்."

'டிக்' என்றது ஃபேன். குமரன் போய் அதை நிறுத்தினார். "தேவி எப்பவோ எங்கிட்ட சொல்லிட்டா மாமா," என்றார். "எங்கம்மாகிட்ட நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

ஆக, நான் கஷ்டப்பட்டு மறைத்தது மாப்பிள்ளைக்கு முன்னமே தெரிந்த விஷயத்தை.

"அந்த ஃபேனா சத்தம்?" என்றார் செல்லம்மா அக்கா மகனிடம். "நானுந்தான் எத்தன வருசமா சொல்றேன்! ஊரான் வீட்டு வயரெல்லாம் இழுப்பான், சொந்த வீட்டு ஃபேனப் பார்க்க மாட்டான்." பிறகு என்னிடம் திரும்பினார். குரல் இறங்கியது. "பொறக்கப் போற புள்ளைக்கு வருமா?"

"வரலாம். வராமலும் போவலாம். வந்தா, அது சட்டையத் திருப்பிப் போட்டுக்கும். விட்டுடுங்க."

ஃபேன் இல்லாமல் எல்லாருக்கும் வேர்த்தது. ராமையா அண்ணன் மணியின் நாக்கை விரலால் இறுக்கிப் பிடித்தபடி, சத்தம் வராமல் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"சரி, தை மாசம் நாள் பார்ப்போம்," என்றார் செல்லம்மா அக்கா கடைசியில். உடனே கண்ணைச் சுருக்கினார். "அது கெடக்கட்டும். இந்த ஆட்டிசத்த உங்க மேல ஏவிவிட்டது யாரு?"

தேவி விளக்கினாள். குமரன் விளக்கினார். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கிளம்பும்போது மஞ்சள் தடவிய எலுமிச்சம்பழம் ஒன்றை என் கையில் திணித்தார். "எதுக்கும் இருக்கட்டும் சம்பந்தி. பையிலேயே வெச்சிருங்க. வெட்டிறாதீங்க."

கல்யாணம் நடந்தது. கெட்டிமேளத்தின்போது, மரம் அறுக்கும்போது ஸ்டோரில் மாட்டும் மஞ்சள் காதடைப்பானோடு மணமேடையில் நின்றேன். கல்யாணப் படத்தில், விமான நிலைய ஊழியர் வழிதவறி வந்தது போல இருக்கிறது. இன்றும் பாகான் செராய்க்குப் போனால் எனக்குத் தனித் தட்டில் வெறும் சோறும் பொரித்த மீனும் வருகிறது. ஆனால் செல்லம்மா அக்கா முதலில் அதில் ஒரு வாய் எடுத்து, எல்லார் முன்னாலும் மென்று விழுங்கி, வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் தட்டை நகர்த்துவார். "பார்த்துக்குங்க, மருந்து இல்ல." வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அவர் வேடிக்கைக்குச் செய்கிறாரா, நான் இன்னும் சந்தேகப்படுவதாக நினைக்கிறாரா என்று எனக்கு இதுவரை தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் திங்கள். அதே கால்சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். உறுத்தாதது அது ஒன்றுதான். பத்து மணித் தேத்தண்ணிக்கு எலுமிச்சம்பழம் இல்லை என்றார்கள். பையில் ஒன்று இருந்தது. வெட்டிப் பிழிந்து குடித்தேன்.