சக்கீனாவின் அரபி லேப்டாப்

திறந்ததும் திரை முழுக்க அரபி. சக்கீனா குர்ஆன் ஓதப் படித்தவள்; எல்லாவற்றையும் தங்குதடையில்லாமல் வாசித்துவிட்டாள். பொருள்தான் ஒன்றுக்கும் தெரியவில்லை.

லேப்டாப் துபாயிலிருக்கும் கணவர் கொடுத்துவிட்டது. அங்கிருந்து விடுமுறையில் வந்த அவள் தம்பி முஆத் காலையில் அதைத் தந்துவிட்டு வெளியே போனவன், போனையே எடுக்கவில்லை. சாயங்காலம் கணவர் வீடியோவில் வருவார். அவளுடைய போன் கண்ணாடி உடைந்ததிலிருந்து அவர் முகம் துண்டு துண்டாகத்தான் தெரிகிறது. இன்றைக்காவது முழுசாகப் பார்க்க வேண்டும்.

மகள் படிப்புக்காகக் காயல்பட்டினத்திலிருந்து தூத்துக்குடிக்குக் குடிவந்தது முதல் அவள் அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. கூச்சம். "யார்ட்டயாச்சும் பேசுனியா?" என்று கணவர் தினமும் கேட்பார். இல்லை என்பாள்.

இன்று வேறு வழியில்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

பிரேமா ஈரக் கையோடு வந்தாள். "என்னைக்காச்சும் வருவியன்னு பாத்துக்கிட்டே இருந்தேங்க்கா."

விஷயத்தைக் கேட்டு சக்கீனா வீட்டுக்கு வந்தவள், மொழிப் பட்டியலில் தமிழைத் தொடப் போனாள். பட்டியல் நழுவி, சிங்களம் மாட்டியது.

"பயப்படாதீயக்கா. மாடிவீட்டு ரெக்ஸ் அண்ணன் தோணியில கொழும்புக்குப் போயிட்டு வாரவரு."

ரெக்ஸ் வந்து திரையை முறைத்தார். "நான் பேசுவேன். படிக்கத் தெரியாதுல்லா."

"பொறவு எதுக்கு வந்திய?"

"நீதானளா கூப்பிட்ட."

வந்ததற்கு எதையோ அழுத்தினார். திரை ரஷ்ய மொழிக்குத் தாவியது.

"இது எந்த ஊரு எழுத்துண்ணே?"

"ஹார்பர்ல ஒரு கப்பல்ல பாத்துருக்கேன். அந்தக் கப்பலு போயிட்டு."

பிரேமா கூப்பிட்டதும் மளிகைக்கடை பாண்டியராஜன் அண்ணாச்சி கடையை மனைவியிடம் விட்டுவிட்டு வந்தார். "ஏலே, மொழியத் தொடாத. நாட்ட மாத்தணும்." மாற்றினார். கூடவே நேரமும் மாறியது.

"மணி என்னாச்சு?" என்று பதறினாள் சக்கீனா.

"இன்னும் விடியலக்கா," என்றாள் பிரேமா, திரையில் நேரத்தைப் பார்த்து.

சக்கீனா எல்லாருக்கும் தேயிலைத் தண்ணியும், கிண்ணத்தில் வட்டலப்ப இனிப்பும் கொடுத்தாள். ரெக்ஸ் கிண்ணத்தை வழித்துவிட்டு, "இன்னொரு மொழி மாத்துனா இன்னொரு கிண்ணம் உண்டுமா?" என்றார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். இந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்தது முதல் தடவை.

ஒருவழியாகத் தமிழ் வந்தது. "வட்டார வடிவமைப்பு அமைவுகள்," என்று வாசித்த அண்ணாச்சி அப்படியே நின்றார். அதற்கு அர்த்தம் யாருக்கும் தெரியவில்லை.

"சிங்களமே தேவல அண்ணாச்சி," என்றார் ரெக்ஸ்.

அப்போதுதான் முஆத் உள்ளே வந்தான். ஏதோ இரண்டைத் தட்டினான். நேரம் சரியானது; அழைப்பும் வந்தது. கணவரின் முகம் முழுசாகத் திரையில் நிறைந்தது. அவர் பார்வை அவளைத் தாண்டிப் போயிற்று.

"பின்னால யாரெல்லாம் நிக்கிறாஹ?"

"பிரேமா. ரெக்ஸ் அண்ணன். நம்ம அண்ணாச்சி." காலையில் இந்தப் பெயர்களில் ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது. "எனக்காக எல்லா வேலையும் போட்டுட்டு வந்துருக்காஹ."

பிறகு தம்பியிடம் திரும்பினாள். "கொடுக்கும்போதே தமிழ்ல மாத்திக் கொடுக்கக் கூடாதாடா?"

முஆத் தலையைச் சொறிந்தான். "தமிழ்லதான் இருந்துச்சு, லாத்தா. அரபிக்கு மாத்திக் கொடுத்துட்டு, சாயங்காலம் வரைக்கும் அந்தப் பக்கம் போவாதன்னு சொன்னது மச்சான்தான்."