பனித்தண்ணீர்க்காரர்

வயதான நாய் வைத்திருப்பவர்களில் பல வகை உண்டு. நாயைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்து ஏரிக்கரையைச் சுற்றி வருகிறவர்கள் ஒரு வகை. அதற்குப் பிறந்தநாள் கேக் வெட்டி, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுப் பாடவைக்கிறவர்கள் இன்னொரு வகை. இவர்களால் ஊருக்குப் பெரிய ஆபத்தில்லை. நாம் பார்க்கப்போவது மூன்றாவது வகையை. இவர் வீட்டுக் கூடத்தில் நாய் படுத்து எழுந்த இடத்தில், நாயின் பின்பக்க அளவிலேயே, வட்டமாக ஓர் ஈரம் இருக்கும். நீங்கள் அதைச் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை. உங்கள் பார்வை அந்தப் பக்கம் சாய்ந்தாலே போதும். "அது ஒண்ணுமில்ல, பூட்ஸ்ல ஒட்டிட்டு வந்த பனி" என்பார். இவர்தான் பனித்தண்ணீர்க்காரர்.

அமெரிக்காவின் வடக்கே, பெரிய ஏரிக்கரையில் இருக்கும் டுலூத் நகரில் இந்த இனம் செழித்து வளர்வதற்குக் காரணங்கள் உண்டு. குளிர்காலம் ஆறேழு மாதம் நீளும் ஊர் அது. பழி போட எப்போதும் பனி கைவசம் இருக்கும். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறும் சாக்ஸோடு உள்ளே நடப்பது அங்கே வழக்கம் என்பதால், இந்த இனத்தால் பாதிக்கப்படுகிறவர்களுக்கும் குறைவில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய வசதி, பாதிக்கப்பட்டவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். சாப்பிடப் போன வீட்டில் கூரை பிய்ந்து தலையில் விழுந்தாலும், "நல்ல வெளிச்சமான வீடு" என்று சொல்லிவிட்டு வருகிற ஜனங்கள்.

லெஸ்டர் ஹால்வர்சனை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த இனத்தின் கலப்பில்லாத மாதிரி அவர். முப்பத்திரண்டு வருடம் உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர் என்பதால், தண்ணீர் எங்கிருந்து எங்கே எப்படிப் போகும் என்பதற்கு அவரிடம் நாற்பது விளக்கங்கள் இருந்தன. நாற்பதிலும் நாய் இல்லை.

நாயின் பெயர் குட்ரூன். பதினான்கு வயது. கறுப்பு லாப்ரடார், முகவாய் மட்டும் சாம்பலில் முக்கி எடுத்ததுபோல் வெளுத்திருந்தது. குட்ரூன் எந்தத் தப்பும் செய்யவில்லை. தூங்கினாள், அவ்வளவுதான். தூக்கத்தில் அது தானாகக் கசிந்தது. விழித்து எழுந்து, திரும்பி அந்த ஈரத்தைப் பார்க்கும்போது, யாரோ முன்பின் தெரியாத நாய் வீட்டுக்குள் வந்துவிட்டுப் போனதாகவே அவள் நினைத்தாள்.

அக்டோபரில் அது 'தண்ணி குடிக்கும்போது சிந்தினது' என்று தொடங்கியது. தண்ணீர்க் கிண்ணம் சமையலறையில் இருந்தது, ஈரம் கூடத்துக் கடைசியில் இருந்தது. இடையில் இருபது அடி. "தாடையில தேங்கி, நடக்க நடக்க விழுது" என்றார் லெஸ்டர். நவம்பரில் முதல் பனி விழுந்தபோது அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்திருந்தால், பனிச்சறுக்குக்காரர் என்று நினைத்திருப்பீர்கள். ஜனவரியில் ஒரு வாரம் கடுங்குளிர். யாரும் வரவில்லை, பூட்ஸும் இல்லை. ஈரம் மட்டும் தவறாமல் வந்தது. உடனே பழி ஃபிரிட்ஜ் மேல் விழுந்தது. மெக்கானிக் வந்தார். முழங்காலிட்டுக் குனிந்தார், ஒருமுறை மூச்சை இழுத்தார், குட்ரூனைப் பார்த்தார், லெஸ்டரைப் பார்த்தார். "ஒரு ஸ்க்ரூ லூசா இருந்திருக்கலாம் சார்" என்று சொல்லி, லூசாக இல்லாத ஒன்றை இறுக்கிவிட்டுப் போனார். மரியாதையான ஊர்.

இந்த இனத்துக்கென்று சடங்குகள் இருக்கின்றன. வீட்டில் விரிப்புகள் இடம்பெயரத் தொடங்கும். குளியலறை வாசலில் கிடந்தது ஒரு நாள் டிவிக்கு முன்னால் வந்து படுத்திருக்கும், காரணம் கேட்டால், "இங்க நல்லாருக்கில்ல?" என்பார். இலையுதிர்காலத்துக்கென்று விற்கும் பூசணி வாசனை மெழுகுவத்தி மார்ச் மாதத்திலும் எரியும். வினிகர் வாடை அடித்தால் ஜன்னல் துடைத்ததாகச் சொல்வார். ஜன்னலில் போன வருடத்துக் கைரேகை அப்படியே இருக்கும். காலையில் எழுந்ததும் பெருவிரலை மட்டும் முன்னால் நீட்டி, உறைந்த ஏரியில் நடக்கிறவர்போல் ஒவ்வோர் அடியாகச் சோதித்துப் பார்ப்பார்.

இவ்வளவு படித்த மனிதருக்கு இது என்னவென்று தெரியாதா? தெரியும். தெரிந்ததுதான் சிக்கல். எதிர்வீட்டு டுவைட் லுண்ட்க்விஸ்ட்டின் நாய் பஸ்டர். இரண்டு வருடத்துக்கு முன்னால், "கொஞ்சம் ஈரமாவே இருக்கான், என்னன்னு பாக்கலாம்" என்று டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போன டுவைட், பஸ்டரின் கழுத்துப்பட்டையை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். லெஸ்டர் அதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈரம் என்று சொன்னால் டாக்டர் வருவார். டாக்டர் வந்தால் பட்டை மட்டும் வரும். ஆகவே அது பனி.

மனைவி கோரின் பொறுமைசாலி. குளிர்காலம் முழுக்க ஒரு பேச்சும் பேசாமல் மாப் போட்டவர்.

"லெஸ், டாக்டர்கிட்ட ஒரு நாள் வாங்கட்டுமா?"

"எதுக்கு?"

"சும்மா. வயசாச்சில்ல அவளுக்கு."

"ஏரில ஐஸ் உடையட்டும், பாத்துக்கலாம்."

ஐஸ் உடைய ஏப்ரல் ஆகும். அதுவரை சும்மா இருக்க முடியாமல், மார்ச்சில் லெஸ்டர் தம் வாழ்நாளின் மகா மட்டமான பரிசோதனையில் இறங்கினார். உள்ளே போவது குறைந்தால் வெளியே வருவதும் குறையும். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து அலமாரிமேல் வைத்தார். கோரின் கேட்டபோது, "கழுவி வெச்சிருக்கேன்" என்றார். மூன்றாம் நாள், கதவோரத்தில் நக் நக் என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தார். பூட்ஸ் கழற்றி வைக்கும் தட்டில் தலையைக் கவிழ்த்து, அழுக்கும், பனி உருகச் சாலையில் தூவும் உப்பும் கரைந்த தண்ணீரைக் குட்ரூன் நக்கிக் குடித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் உண்மையான பனித்தண்ணீர் என்று இருந்தது அது ஒன்றுதான். அதையும் அவள் குடித்துவிட்டாள்.

லெஸ்டர் தட்டைத் துடைத்து வைத்தார். கிண்ணத்தைக் கீழே இறக்கினாரா? அதுதான் இல்லை.

ஏப்ரல் கடைசி வியாழக்கிழமை. வியாழன்தோறும் அவர்கள் வீட்டில் சீட்டாட்டம். டுவைட், அவர் மனைவி ஆர்லீன், மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் பார்க்கும் மெர்ல். ஆர்லீன் கோழி ஹாட்டிஷ் கொண்டுவந்திருந்தார், கறியும் உருளைக்கிழங்கும் ஒரே தட்டில் வேகவைக்கிற அந்த ஊர்ச் சாப்பாடு. வெளியே பளீரென்று வெயில். சாலை சருகுபோல் காய்ந்து கிடந்தது. மெர்ல் இரண்டாம் முறை சாப்பாடு போட்டுக்கொண்டு திரும்பி நடந்தபோது, அவருடைய வலது சாக்ஸ் 'சத்' என்றது.

"பனி" என்றார் லெஸ்டர், பழக்கதோஷத்தில்.

எல்லோரும் ஜன்னல் பக்கம் பார்த்தார்கள். தெருவில் ஒரு பையன் அரைக்கால் சட்டையோடு சைக்கிளில் போனான்.

"ஆமா, இந்த வருஷம் கொஞ்சம் லேட்டாதான் உருகுது" என்றார் டுவைட்.

ஆட்டம் முடிந்தது. டுவைட் இரண்டு முழங்காலிலும் தட்டி, "சரி, அப்ப..." என்றார். அந்த ஊரில் அதற்குக் கிளம்புகிறோம் என்று அர்த்தம். கிளம்ப இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். லெஸ்டர் கோட்டுகளை எடுத்துவரப் படுக்கையறைக்குப் போனார். கட்டில்மேல் குவித்திருந்ததை மொத்தமாக வாரியெடுத்தபோது, டுவைட்டின் கோட்டிலிருந்து உருண்டையாக ஏதோ விழுந்தது. சுருட்டிவைத்த சாக்ஸ் ஜோடி. சாம்பல் நிறக் கம்பளி. சரி, ஆண்பிள்ளைகள் பையில் என்னென்னவோ வைத்திருப்பார்கள். குனிந்து எடுக்கப் போனார். ஆர்லீனின் கோட்டிலிருந்து இன்னொரு ஜோடி விழுந்தது. பூப்போட்டது. மெர்லின் ஜாக்கெட்டை அவரே உதறிப் பார்த்தார். அதிலிருந்து இரண்டு ஜோடி.

நிமிர்ந்தார். கதவில் கோரினின் ஸ்வெட்டர் தொங்கியது. வேண்டாம் என்று தோன்றியது. ஆனாலும் பைக்குள் கைவிட்டார்.

சொந்த வீட்டில். சொந்தப் பெண்டாட்டி.

ஐந்து ஜோடியையும் ஏந்திக்கொண்டு அவர் கூடத்துக்கு வந்தபோது, எல்லோரும் ஒரே நேரத்தில் சீட்டுக்கட்டை அடுக்க முயன்றார்கள்.

"எப்பலேர்ந்து?" என்றார் லெஸ்டர்.

மெர்ல்தான் விஷயத்தை உடைத்தார். "நான் நவம்பர்லேர்ந்துப்பா, தேங்க்ஸ்கிவிங் விருந்துலேர்ந்து. இவங்கல்லாம் அதுக்கு முன்னாடியே."

"உனக்கு ஏன் ரெண்டு ஜோடி?"

"நான் ரெண்டு தடவ சாப்புடுவேன்ல?"

ஆர்லீன் வாயைப் பொத்திக்கொண்டார். கோரின் பொத்தவில்லை, ஆறு மாதமாக அடக்கிவைத்த சிரிப்பு, மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். லெஸ்டரின் காது சிவந்தது.

"சொல்லிருக்கலாமில்ல, டுவைட்? முப்பது வருஷமா பழகறோம்!"

"நீ பனின்னு சொன்ன. உன் வீட்டுப் பனி, நான் என்னத்தச் சொல்ல?" டுவைட் சீட்டுக்கட்டைக் கீழே வைத்தார். குரல் இறங்கியது. "லெஸ், பஸ்டருக்குக் கிட்னி போயிருந்துச்சு. நானும் அப்ப நாலு மாசம் அது வேற எதுவோன்னு சொல்லிட்டுதான் இருந்தேன். சீக்கிரம் போயிருந்தா கூடக் கொஞ்ச நாள் இருந்திருப்பான்னு டாக்டர் சொன்னாரு. அத நான் யார்கிட்டயும் சொல்லல."

ஆர்லீன் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில், அவரிடமும் சொல்லவில்லை என்று தெரிந்தது.

தடித்த வாலை ஒருமுறை தரையில் தட்டிவிட்டு, குட்ரூன் மறுபடி தூங்கிப்போனாள்.

மறுநாள் காலையிலேயே போனார்கள். டாக்டர் இளம்பெண். "எத்தனை நாளா இருக்கு சார்?" என்று கேட்டார்.

"ஒரு வாரமா" என்றார் லெஸ்டர்.

கோரின் தொண்டையைச் செருமினார்.

"ஒரு... அக்டோபர்லேர்ந்து."

டாக்டர் குறித்துக்கொண்டார். பரிசோதிக்கக் கொஞ்சம் சிறுநீர் பிடித்துத் தர முடியுமா என்று கேட்டு, நீளக் கைப்பிடி வைத்த ஒரு கரண்டியை லெஸ்டரிடம் நீட்டினார். ஆறு மாதமாக ஒரு வீட்டையே நனைத்தவளிடம் ஒரு கரண்டி வாங்குவது பெரிய காரியமா? வண்டி நிறுத்தும் இடத்தில் முக்கால் மணி நேரம் அவள் முன்னால் போனாள், இயற்பியல் ஆசிரியர் கரண்டியும் கையுமாக, முதுகை வளைத்து, அவள் வாலுக்குப் பின்னாலேயே போனார். அவள் உட்கார்ந்தாள், இவர் பாய்ந்தார், அவள் எழுந்தாள். ஒரு சொட்டு இல்லை. எதிரே வந்தவர்கள் அந்தக் கரண்டியைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்து, "அருமையான வெயில், இல்ல?" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இவரே ஆறு மாதமாக நடத்திவந்த பாடம் அது.

களைத்துப்போய் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். குட்ரூன் அவர் காலடியில் படுத்து, தூங்கிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் லெஸ்டரின் இடது ஷூ வெதுவெதுப்பாக ஆனது.

பக்கத்தில் பூனைக்கூடையோடு உட்கார்ந்திருந்தவர் அதைப் பார்த்துவிட்டார். நல்ல மனிதர். ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பி, "வெளியில இன்னும் பனி இருக்கும்போல" என்றார்.

லெஸ்டர் எழுந்து நின்றார்.

"பனியா? இது மூத்திரம் சார்! என் நாயோட மூத்திரம்!" வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல். "டாக்டர்! வந்துடுச்சு! ஓடியாங்க!"

டாக்டர் வந்து பார்த்தார். "தரைல பட்டது ஆகாது சார். ஊசி வழியா உள்ளேர்ந்தே எடுத்துக்கறேன்."

"அத முதல்லயே செஞ்சிருக்கலாமே?"

"நீங்க கரண்டியோட ரொம்ப ஆர்வமா ஓடிட்டிருந்தீங்க. நிறுத்த மனசு வரல."

ரத்தமும் எடுத்தார்கள். காத்திருந்த நேரம் முழுக்க லெஸ்டர் குட்ரூனின் கழுத்துப்பட்டைக்குள் நான்கு விரலையும் விட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார், யாரோ கழற்ற வருகிறார்கள் என்பதுபோல. டாக்டர் காகிதத்தோடு வந்தார். கிட்னி நன்றாக இருக்கிறது. சர்க்கரை இல்லை, புண் இல்லை. கருப்பை எடுத்த வயதான பெண் நாய்களுக்குச் சாதாரணமாக வருவதுதான். மூத்திரப்பை வாயை இறுக்கிப் பிடிக்கும் தசை தளர்ந்திருக்கிறது. தினமும் மாத்திரை.

"மாத்திரையா?" என்றார் லெஸ்டர்.

"மாத்திரைதான். தண்ணியை மட்டும் குறைச்சிடாதீங்க. சிலபேர் அப்படிச் செய்வாங்க. இந்த வயசுல அதுதான் கிட்னியைக் கெடுக்கும்."

லெஸ்டர் தம் ஈர ஷூவைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நான் குறைச்சேன். ஒரு மாசமா."

கோரின் சட்டென்று திரும்பினார். இது அவருக்கும் தெரியாது.

"இனிமே குறைக்காதீங்க" என்றார் டாக்டர். அவ்வளவுதான் சொன்னார்.

"அப்ப... கூட்டிட்டுப் போலாமா?"

"எங்க?"

"வீட்டுக்கு."

"வேற எங்க சார் கூட்டிட்டுப் போவீங்க?"

இரண்டே வாரத்தில் கூடம் காய்ந்தது. அத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் பனித்தண்ணீர்க்காரர் குணமானால் என்ன ஆவார் தெரியுமா? மூத்திரப் பேராசிரியர் ஆவார். இப்போது வியாழக்கிழமைகளில் லெஸ்டர் ஹாட்டிஷைப் பரிமாறிக்கொண்டே தசைநார்களைப் பற்றி விளக்குகிறார், பேப்பர் நாப்கினில் படம் வரைகிறார், கடைசியில் கரண்டியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எழுந்து நின்று செய்து காட்டுகிறார். மற்றவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறார்கள். ஆர்லீன் மட்டும் வரும்போதே சாப்பிட்டுவிட்டு வருகிறார். சாக்ஸும் இன்னும் கோட்டுப் பையில்தான் இருக்கிறது. "அவளுக்காக இல்லப்பா" என்கிறார் மெர்ல். "உனக்கும் எழுபத்தொண்ணு ஆகுதில்ல."

உங்கள் வீட்டில் நாய் இல்லை என்கிறீர்கள். நல்லது. ஆனால் எல்லோரும் தாண்டித் தாண்டி நடக்கிற ஓர் இடம் உங்கள் கூடத்திலும் இருக்கும். மருமகன் குடிப்பதற்கு நீங்கள் 'வேலை டென்ஷன்' என்று பெயர் வைத்திருக்கலாம். உங்கள் நெஞ்சுவலிக்கு 'வாயு' என்று வைத்திருக்கலாம். யாரும் எதுவும் சொல்லவில்லையே என்று நிம்மதியாகவும் இருக்கலாம். இருங்கள். அடுத்த முறை விருந்தாளிகள் வந்தால், உபசாரமாக அவர்கள் பையை நீங்களே வாங்கி உள்ளே கொண்டுபோய் வையுங்கள். கொஞ்சம் கனமாக இருந்தால், லேசாக உதறிப் பாருங்கள்.