ஆணியில் தொங்கிய சட்டை அயல்நாட்டுச் சொத்தான விவரம்

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது. நலம் என்று எழுதக் கை வரவில்லை, இருக்கிறேன். நீயும் பெண்டாட்டி பிள்ளைகளும் நன்றாக இருக்கவேண்டும். இதைப் படித்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வா. உன் அத்தான் சட்டையைக் கொண்டுபோய்விட்டார்கள்.

எந்தச் சட்டை என்று உனக்கே தெரியும். சுரங்கத்திலிருந்து வந்து, கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு, கொஞ்சம் படுக்கிறேன்" என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லையே, அந்தச் சட்டை. துவைக்காமல் வைத்திருந்தேன். அதில்தான் அவர் வாசனை மிச்சம் இருந்தது.

விஷயம் என்னவென்றால், அந்தச் சுரங்கக் கம்பெனியை வேறொரு நாட்டு அரசாங்கம் வாங்கிவிட்டது. முதலாளி ஒரு ஆள் என்றால் அவன் வாசலில் நின்று திட்டலாம். ஒரு நாட்டையே எந்த வாசலில் நின்று திட்டுவது? போனுக்கும் காந்தத்துக்கும் வேண்டிய அபூர்வ மண்ணாம், ஒரு சிட்டிகைகூட வெளியே இருக்கக்கூடாதாம். முந்தாநாள் அந்த நாட்டு அதிகாரி கோட்டு சூட்டோடு வந்துவிட்டார். கூடவே ஒரு தராசு, ஒரு பிரஷ், அவர் பேச்சை நம் பாஷையில் மாற்றிச் சொல்ல ஒரு பெண். கட்டிலில் என் தலையணைமேல் சாய்ந்து உட்கார்ந்து இரண்டு மணி நேரம் என் மிதியடியைத் தட்டி, விழுந்த மண்ணைத் தராசில் நிறுத்தார்.

"உங்க வீட்டுக்காரர் ஏன் வேலைக்கு வரலை?" என்றாள் அந்தப் பெண்.

"செத்துட்டாரும்மா."

அதிகாரியிடம் கிசுகிசுத்துவிட்டு, "அதுக்கு அவங்க தலைநகரத்துலேர்ந்து அனுமதி வரணுமாம். அதுவரைக்கும் லீவுல இருக்கார்" என்றாள்.

இருந்தபோது ஒரு நாள் லீவு கொடுக்காத கம்பெனி, தம்பி! சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தேன். அதிகாரி பாவம், கைக்குட்டை நீட்டினார். கண்ணைத் துடைத்ததும் திரும்ப வாங்கி, உதறி, அதையும் தராசில் வைத்தார்.

அப்புறம் ஆணியைப் பார்த்துவிட்டார். "அதுல இருக்கிற மண்ணு எங்க அரசாங்கத்துது" என்றாராம்.

"அவர் வேர்வையும் அதுலதானே இருக்கு? அது யாரோடது?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் அதிகாரி பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டுச் சொன்னாள்: "வேர்வை பத்தி ஒப்பந்தத்துல ஒண்ணுமே இல்லையாம்."

நான் வாசலை மறித்துக்கொண்டு கத்தியதில் தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டுத் தையல்காரர், "குடுத்துடுங்கம்மா, ரெண்டு நாட்டுக்கும் சண்டை வந்துடப் போகுது" என்கிறார். சட்டையைப் பையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, அதற்கு ஒரு சல்யூட்டும் அடித்து எடுத்துப்போனார்கள். உன் அத்தானுக்கு யாரும் அடித்ததில்லை.

நீ வந்து நாலு வார்த்தை கேள். பிள்ளைகள் தலையில் கைவைத்து அக்கா வாழ்த்தியதாகச் சொல். உன் பெண்டாட்டியின் முழங்கால் வலி தீரட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: ஓடி வராதே. தபால்தலை வாங்க இரண்டு நாள் ஆனதே நல்லதாய்ப் போயிற்று. இன்று தலையணை உறையைக் கழற்றினால், உள்ளே அத்தான் சட்டை! தூக்கம் வராமல் நானே திணித்துவைத்து, அழுத அழுகையில் மறந்திருக்கிறேன். அதிகாரி சாய்ந்திருந்தது அதன்மேல்தான். ஆணியில் தொங்கியது, சாவுச் செய்தி கேட்டுத் தோட்டத்திலிருந்து அப்படியே ஓடிவந்து நீ மாற்றிவிட்டுப் போன சட்டை. மண் அப்பினால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. மூக்கில் வைத்துப் பார்க்காமலே கத்தியிருக்கிறேன். காலையில் அந்தப் பெண் வந்தாள். உன் சட்டை மண்ணில் சுரங்கத்தைவிட மூன்று மடங்கு சரக்கு இருக்கிறதாம். எந்த இடத்து மண் என்றாள். உன் விலாசம் கொடுத்திருக்கிறேன். ஒரு அரசாங்கமே வருகிறது, வீட்டிலேயே இரு. வேர்வை உன்னுடையது என்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடு.