மடுவுக்கு ஐந்து தரம்

றொட்னி காலை ஐந்தரைக்கு எழும்புவான். கிணற்றடியில் முகம் கழுவுவான். படலையைத் திறந்து, இரவு முழுக்க அங்கே நின்ற கழுதையைத் துரத்துவான். சுவேதினி கொடுக்கும் பிளேன்ரீயை நின்றபடியே குடிப்பான். குடித்துக்கொண்டே, இந்த வருடம் வரப்போகும் படங்களைப் பற்றிப் போனில் வாசிப்பான். ஆறரைக்குத் தலைமன்னாரில் இருந்து வரும் பஸ்ஸில் ஏறி, மன்னாரில் உள்ள ஐஸ் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போவான். கலியாணம் முடித்து இரண்டு வருடமாக இதில் மாற்றம் இல்லை.

ஜனவரி முதல் கிழமையில் ஒரு நாள், சுவேதினி பிளேன்ரீயைக் கொடுக்கவில்லை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, சுவரில் தொங்கிய பங்குக் கலண்டரின் முன்னால் நின்றாள்.

"இஞ்சருங்கோ, உதென்ன சிவப்பு வட்டம்?"

"எது?"

"ஜனவரி ஒன்பது." அவள் தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கினாள். "ஏப்ரல் மூண்டு. ஜூன். ஓகஸ்ட். ஒக்டோபர் பதினாறு. மொத்தம் அஞ்சு வட்டம். ஒண்டிலயும் பெருநாள் இல்லை. ஆரின்ரயும் பிறந்தநாளும் இல்லை."

அவை அந்த வருடத்தின் ஐந்து பெரிய படங்கள் வெளிவரும் நாள்கள். பட்டியல் வந்த சந்தோசத்தில் முந்தின நாள் பின்னேரம் றொட்னி கலண்டரில் வட்டம் போட்டிருந்தான். ஐந்தாவதை இரண்டு தரம் சுற்றிப் போட்டிருந்தான். அது அவனுடைய நாயகன் மூன்று வருடத்துக்குப் பிறகு நடிக்கும் படம். இரண்டாம் பாகம். முதலாம் பாகம், நாயகன் ஹெலிகொப்டரில் இருந்து குதிப்பதோடு முடிந்திருந்தது. றொட்னியைப் பொறுத்தவரை அந்த மனிதன் மூன்று வருடமாக இன்னும் நிலத்துக்கு வந்து சேரவில்லை.

முதல் நாளே பார்க்கவேண்டும். இரண்டாம் நாள் என்றால் யார் சாகிறார் என்று பஸ் கொண்டக்டரே சொல்லிவிடுவார். ஒருமுறை சொன்னார்.

ஆனால் போன வருடம் அடம்பனில் சுவேதினியின் தங்கைக்குக் கலியாணம் நடந்தது. கேக் வெட்டுவதற்குச் சற்று முன்னர் பெற்றோல் அடிக்கப் போன றொட்னி, வவுனியாவில் ஒரு படம் முழுவதையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். கலியாண அல்பத்தில் ஒன்பது பக்கங்களில் சுவேதினிக்குப் பக்கத்தில் ஒரு வெறும் கதிரை இருக்கிறது. இனி முதல் நாள் படத்துக்குப் போவதில்லை என்று அன்றைக்கு அவன் சத்தியம் செய்து கொடுத்திருந்தான்.

"நேர்த்தி," என்றான் றொட்னி.

"என்ன நேர்த்தி?"

"மடுக் கோயிலுக்கு. அஞ்சு தரம் வாறன் எண்டு மாதாவிட்டச் சொல்லியிருக்கிறன்."

"எதுக்கு?"

அதை அவன் யோசித்திருக்கவில்லை. கையில் இருந்த போனைப் பார்த்தான். அதில் நாயகன் ஹெலிகொப்டரின் வாசலில் நின்றான்.

"இந்தப் படவிசர் என்னைவிட்டுப் போகவேணும் எண்டு."

சுவேதினி கலண்டர் தாள்களைக் கீழே விட்டாள். பிறகு பிளேன்ரீயைக் கொடுத்தாள். அதில் சீனி வழமையைவிடக் கூட இருந்தது.

பஸ்ஸில் இருந்து யோசித்தபோது, தான் சொன்ன பொய்யை றொட்னிக்கே பிடித்திருந்தது. வவுனியா பஸ் மடுச் சந்தியைத் தாண்டித்தான் போகிறது. மடுவுக்குப் போகிறவனும் படத்துக்குப் போகிறவனும் ஒரே பஸ்ஸில்தான் ஏறவேண்டும். யார் கண்டாலும் பயமில்லை.

பக்கத்து வீட்டில் இருந்த மாமியார் அன்ரோனெற்றுக்கு மத்தியானம் செய்தி தெரிந்தது. பின்னேரம் தெரு முழுக்கத் தெரிந்தது. அன்ரோனெற் வந்து அவனுடைய நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டார்.

"உங்களை நான் பிழையா நினைச்சுப்போட்டன், தம்பி."

"பரவாயில்லை மாமி."

"அந்த வெறுங்கதிரையை ஒவ்வொரு நாளும் பாத்து, உங்களைத் திட்டிக்கொண்டிருந்தனான்."

"பரவாயில்லை மாமி."

ஜனவரி ஒன்பதாம் திகதி அவன் வவுனியாவுக்குப் போனான். படம் நன்றாக இருந்தது. பின்னேரம் ஐந்து மணிக்கு வீட்டுக்குள் கால் வைத்தபோது, மாமியும் மகளும் காத்திருந்தார்கள்.

"மடு மண் எங்க?" என்றாள் சுவேதினி.

மடுவுக்குப் போகிறவர்கள் அந்தக் கோயிலடி மண்ணில் ஒரு பிடி கொண்டு வருவார்கள். அதில்லாமல் யாரும் வருவதில்லை.

"வெளியில வச்சிட்டன். எடுத்துக்கொண்டு வாறன்."

படலையடிக்குப் போனான். கழுதை நிற்கும் இடத்தில் ஒரு பிடி அள்ளினான். பஸ் ரிக்கற்றில் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தான். அன்ரோனெற் அதை விரித்துப் பார்த்தார்.

"மடு மண் செம்மண்ணல்லோ. இது கடற்கரை மணல் மாதிரி இருக்கு."

"மழை, மாமி. செம்மண் எல்லாம் கழுவுப்பட்டுப் போச்சு."

"ஓம், இந்த முறை நல்ல மழைதான்," என்றாள் சுவேதினி.

அன்ரோனெற் அந்த மண்ணைக் கொண்டுபோய், முன்வீட்டு பெனடிக்ற்றின் முழங்காலில் பூசினார். பெனடிக்ற் படகோட்டி. ஆறு மாதமாக நொண்டிக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் அவன் நேராக நடந்தான். மாமி அதை ஆறு வீட்டில் சொன்னார். அதற்குப் பிறகு றொட்னி தெருவில் போனால் பெண்கள் கோயிலுக்குள் நிற்பதுபோல முக்காடு போட்டுக்கொண்டார்கள்.

ஏப்ரல் மூன்றாம் திகதிப் படம் மூன்று கிழமை தள்ளிப்போனது. றொட்னி பழைய வட்டத்தை வெட்டிவிட்டு, இருபத்துநாலில் புதிய வட்டம் போட்டான்.

"நேர்த்தியைத் தள்ளிப்போடலாமோ?" என்று கேட்டாள் சுவேதினி.

"மாதாவுக்கு விளங்கும்."

"மாதாவுக்கு விளங்கும்தான். ஆனா சும்மா தள்ளக்கூடாது. தள்ளினதுக்கு ஏதும் ஒறுத்தல் செய்யவேணும்." கொஞ்சம் யோசித்தாள். "ஒரு கிழமைக்கு மீன் இல்லை."

அவர்களுடைய மீன்பிடி ஊரான பேசாலையில் ஒரு கிழமை மீன் சாப்பிடாதவன் ஒன்றில் நோயாளி, இல்லையென்றால் வெளியூர்க்காரன். அந்தக் கிழமை பார்த்து பெனடிக்ற் முழங்காலுக்கு நன்றியாக ஒரு கோர்வை நண்டு கொண்டுவந்து கொடுத்தான். சுவேதினி றொட்னிக்கு முன்னால் இருந்து, ஓடுகளை ஒவ்வொன்றாக உடைத்து, ஆறுதலாகச் சாப்பிட்டாள்.

"நண்டு மீனில்லையே," என்றான் றொட்னி.

"மாதாவிட்டக் கேட்டுப் பாருங்கோ," என்றாள் அவள்.

ஜூன் மாதப் படம் இரண்டு தரம் தள்ளிப்போனது. முதலாம் தரத்துக்கு அவன் சவரம் செய்வதை நிறுத்தவேண்டி வந்தது. இரண்டாம் தரத்துக்குச் செருப்பைக் கழற்றவேண்டி வந்தது. கடைசியில் படம் வந்தபோது, ஐந்து கிழமைத் தாடியோடு வெறுங்காலில் திரையரங்கு வாசலில் நின்றான். படம் பார்க்க வந்த ஒரு அம்மா அவனுடைய கையில் ஒரு காசுத் தாளை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். அவன் அதற்குக் கச்சான்கடலை வாங்கினான். வரும்போது திரையரங்கின் பின்புறத்தில் இருந்து நல்ல செம்மண்ணாகப் பார்த்து அள்ளி வந்தான்.

"இதுதான் மடு மண்," என்றார் அன்ரோனெற் கண்கலங்கி.

ஓகஸ்ட் படம் தள்ளிப்போகவில்லை. றொட்னி நிம்மதியாக இருந்தான். படத்துக்கு முந்தின நாள் காலை சுவேதினி கையை நீட்டினாள்.

"போனைத் தாங்கோ."

"ஏன்? நான் ஒண்டையும் தள்ளிப்போடேல்லையே."

"விசர் அதுக்குள்ளதானே இருக்கு. நேர்த்திக்கு முதல் நாள் தொடங்கி, நீங்கள் போயிட்டு வரும்வரைக்கும் அது என்னட்டை இருக்கட்டும்."

போன் அலுமாரிக்குள் போனது. அதைப் பூட்டிய திறப்பு அவளுடைய சட்டைப்பைக்குள் போனது. அந்தப் படம் மோசமாக இருந்தது. ஆனாலும் றொட்னி கவலைப்படவில்லை. இனி ஒன்றுதான் மிச்சம்.

செப்டெம்பர் கடைசியில் பெனடிக்ற்றின் மனைவி வந்தாள்.

"றொட்னி தம்பி, நீங்கள் படத்தை விட்டிட்டீங்களாம். என்ர மனுசனையும் ஒருக்கா மடுவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. கடலுக்கை நிண்டும் டிரெயிலர் பாக்கிறாராம். வலை போனதும் தெரியேல்லையாம்."

"அது வந்து, அக்கா, இது தனியா செய்யிற நேர்த்தி."

"சேந்து செய்தா இன்னும் நல்லம்," என்றாள் சுவேதினி குசினியில் இருந்து.

ஒரு கிழமைக்குள் பட்டியல் பத்தொன்பது பேருக்கு வந்துவிட்டது. எல்லாரும் புருசன்மார். எல்லாருக்கும் படவிசர். அன்ரோனெற் ஒரு பஸ்ஸை ஒழுங்கு செய்தார். நாள் ஒக்டோபர் பதினாறு.

"பொம்பிளையளும் வாறீங்களோ, மாமி?" என்று மெல்லக் கேட்டான் றொட்னி.

"நாங்கள் ஏன்? எங்களுக்கு விசர் இல்லை."

நேர்த்தியை ஒரு நாள் தள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தான். பஸ்ஸையும் ஒரு நாள் தள்ளலாம் என்றார் மாமி. காய்ச்சல் வரும்போல இருக்கிறது என்றான். மடுவில் மாறிவிடும் என்றார். மூன்று வருடமாக விழுந்துகொண்டிருக்கும் மனிதன் கடைசியில் நிலத்தைத் தொடும் நேரத்தில், பத்தொன்பது பேருக்கு முன்னால் முழந்தாளில் நின்று செபமாலை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பதைக் கற்பனை செய்து பார்த்தான். இரண்டு நாள் அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதையும் மாமி தவம் என்று எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் கடற்கரையில் பெனடிக்ற் அவனைப் பிடித்தான்.

"டேய், உனக்கு விசரோ?"

"இல்லை அண்ணை. அது மாறிட்டுது எண்டு சொல்லுறாங்கள்."

"பகிடி விடாத. பதினாறாம் திகதி என்ன நாள் எண்டு தெரியுமோ? மூண்டு வருசமா நான் இந்த நாளுக்குக் காத்துக்கொண்டிருக்கிறன். நீ திருந்தினா திருந்து. எங்களை ஏன் இழுக்கிறாய்?"

றொட்னி அவனைப் பார்த்தான். பத்து மாதத்தில் முதல் தடவையாக ஒரு மனிதனோடு கதைப்பதுபோல இருந்தது.

"அண்ணை, பஸ் மடுச் சந்தியில திரும்பத்தான் வேணும் எண்டு ஆர் சொன்னது?"

பெனடிக்ற் கடலைப் பார்த்தான். பிறகு றொட்னியின் தாடியைப் பார்த்தான்.

"நீ போன அஞ்சு தரமும்?"

"நாலு தரம்."

"அப்ப என்ர முழங்காலில பூசின மண்?"

"அது எங்கட படலையடி மண். கழுதை நிக்கிற இடம்."

பெனடிக்ற் முழங்காலை மடக்கிப் பார்த்தான். நீட்டிப் பார்த்தான். "இருக்கட்டும். சுகம்தானே," என்றான்.

அன்று பின்னேரத்துக்குள் பத்தொன்பது பேரும் திருந்திவிட்டார்கள். நேர்த்திக்கு முதல் கிழமை மீன் வேண்டாம் என்று தாங்களே சொன்னார்கள். தாடி வளர்த்தார்கள். பதினாறாம் திகதி நேரத்தோடு வெளிக்கிடவேண்டும், பத்தரைப் பூசைக்கு முன்னர் போய்ச் சேரவேண்டும் என்று நின்றார்கள். பத்தரைக்கு மடுவில் பூசை உண்டா என்று ஒரு மனைவியும் கேட்கவில்லை. பஸ் சாரதி யசோதரன் சைவம். ஆனாலும் அவனுக்கும் அந்த விசர் இருந்தது. அவன் வவுனியாவுக்கு ஒரு நடை போய், இருபத்தொரு ரிக்கற்றும் எடுத்து வந்தான்.

பதினைந்தாம் திகதி காலை சுவேதினி ஒரு கூடையோடு வீடு வீடாகப் போனாள். சாரதி வீடு உட்பட இருபத்தொரு போன்களும் கூடைக்குள் வந்தன. எல்லாரும் சிரித்த முகத்தோடு கொடுத்தார்கள். பெனடிக்ற் தன்னுடையதை முத்தமிட்டுக் கொடுத்தான்.

பதினாறாம் திகதி விடியப் பஸ் புறப்பட நின்றது. வெள்ளைச் சாரம், வெறுங்கால், தாடி. மனைவிமார் தெருவின் ஒரு பக்கத்தில் வரிசையாக நின்றார்கள். அன்ரோனெற் மாதா பாட்டைத் தொடங்கினார். பஸ்ஸுக்குள் இருந்து பத்தொன்பது ஆண் குரல்கள் அதை அப்படியே தூக்கிக்கொண்டன. பேசாலையில் ஆண்கள் இவ்வளவு உரத்துப் பாடி யாரும் கேட்டதில்லை. பெனடிக்ற்றின் மனைவி அழுதாள். யசோதரன் பாட்டுக்குத் தாளமாக ஹோர்ன் அடித்தான்.

றொட்னி முன் இருக்கையில் யன்னலோரம் இருந்தான். சுவேதினி ஒரு பார்சலோடு வந்தாள். புட்டும் சம்பலும். வாழையிலையில் சுற்றியிருந்தாள். விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பியிருக்கவேண்டும். அவளுடைய முகத்தைப் பார்க்க அவனுக்கு ஒரு மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். சாரத்தின் மடிப்புக்குள் ரிக்கற் தட்டுப்பட்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று முடிவெடுத்தான்.

"உமக்காகவும் மன்றாடுறன்," என்றான்.

"ஓம். மன்றாடுங்கோ."

பஸ் உறுமியது. சுவேதினி யன்னல் விளிம்பில் கையை வைத்து, மற்றவர்களின் பாட்டைக் குழப்பாமல், அவனுடைய காதருகே குனிந்தாள்.

"படத்தை டிசம்பருக்குத் தள்ளிப்போட்டிட்டாங்கள், நேற்றுப் பின்னேரம்தான் அறிவிச்சவங்கள். நீங்கள் மடுவுக்கே போயிட்டு வாங்கோ."