சோற்று டப்பாவுக்குப் பதவி உயர்வு

அறிவியலை ஆய்வகத்திலிருந்து மீட்டு மக்களிடம் ஒப்படைத்த பெருமை மனித வரலாற்றில் ஒருசிலருக்கே உரியது. அவர்களுள் தேனி ஆய்வுப்பயனாக்க நடுவத்தின் மேலாளர் பாண்டியராஜனும் ஒருவர் என்பதைப் பாண்டியராஜனே பல கூட்டங்களில் உறுதிப்படுத்தியிருக்கிறார்.

அவர் கைக்கு வந்தபோது, திராட்சைக்கு நோய் வருமுன் எச்சரிக்கும் அந்தக் கண்டுபிடிப்பு பரிதாபமான நிலையில் இருந்தது. ஆய்வாளர் ஓவியா அதை ஒரு சோற்று டப்பாவுக்குள் அடைத்து, காமயகவுண்டன்பட்டியில் மாரீஸ்வரியின் திராட்சைப் பந்தலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். இலைகளில் ஈரம் தங்கினால் டப்பா கீச்சிடும். நோய் வருமுன் மாரீஸ்வரி மருந்தடிப்பார். சென்ற ஆண்டுச் சாரலில் சுற்றுத் தோட்டங்களெல்லாம் கருகியபோது அவருடைய ஓர் ஏக்கர் மட்டும் தப்பியது. ஆக, கருவி வேலை செய்தது. அதைத் தவிர அதற்கு வேறு தகுதியே இல்லை என்பதைப் பாண்டியராஜன் முதல் பார்வையிலேயே கண்டுகொண்டார்.

டப்பா கழற்றப்பட்டு, ‘மூல மாதிரி’ என்னும் பட்டத்துடன் அவர் அறையின் பீரோவில் குடியேறியது. ஆடிச் சாரலுக்கு முன் முதல் கருவி உங்கள் பந்தலுக்குத்தான் என்று மாரீஸ்வரிக்கு வாக்களிக்கப்பட்டது. பெயர் சூட்டும் குழு ஏழு முறை கூடியது. வண்ணக் குழு, கத்தரிப்பூ நிறத்துக்கும் திராட்சை நிறத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஆராய வெளிமாநிலம் சென்று திரும்பியது. ஆனிக் கடைசியில் புதிய கருவி ஆயத்தமாயிற்று. வெளியீட்டுக்கு நாள் குறிக்கப் பாண்டியராஜன் அறையில் கூட்டம் கூடியது. வெளியே சாரல் தொடங்கியிருந்தது.

“ஆடியில புதுசா எதையும் தொடங்கக் கூடாது,” என்றார் நடுவத்தின் இயக்குநர், நாட்காட்டியைப் புரட்டியபடி. “ஆவணியில மொத முகூர்த்தம்.”

“சார், ஆடியிலதான் சாரல். இது சாரலுக்குன்னே செஞ்ச கருவி,” என்றார் ஓவியா. “ஆடிப்பெருக்கு நல்ல நாள்தானே?”

“அன்னைக்கு நான் குடும்பத்தோட சுருளி அருவிக்குப் போறேன்.”

இந்த ‘அறிவியல் அணுகுமுறை’யைப் பாண்டியராஜன் வழிமொழிந்த அதே நொடியில் பீரோவுக்குள் கீச்சென்று சத்தம் கேட்டது.

“என்னய்யா அது?”

“மூல மாதிரி, சார்,” என்றார் ஓவியா. “கூரை ஒழுகுது. நோய் வரப்போகுதுன்னு எச்சரிக்குது.”

“கூட்டம் நடக்கையிலயா?”

பாண்டியராஜன் எழுந்து சென்று டப்பாவின் பேட்டரியைக் கழற்றினார். கூட்டம் இனிதே நிறைவுற்றது.

மூன்றாம் நாள் மாரீஸ்வரி நனைந்த குடையுடன் வந்து நின்றார்.

“ஆடிக்கு முன்னாடின்னு சொன்னீக. மூணு நாளாச் சாரல் விடல. புதுசு வேணாம் சார், என் பழைய டப்பாவையாச்சும் குடுங்க.”

“அது இப்ப டப்பா இல்லம்மா, ஆவணம். கையெழுத்து இல்லாம வெளிய போகாது.”

“யாரு போடணும்?”

“நான்தான்.”

“போடுங்க.”

“விதியில இடமில்ல. ஆவணியில புதுசு வரும், அதுவரைக்கும் தினமும் மருந்தடிச்சுக்கங்க.”

“தினம் மருந்தடிச்ச பழத்த நீங்க திம்பீகளா? அறுப்புக்கு இன்னும் இருபது நாளுதேன் இருக்கு.”

‘பயனாளர் ஆர்வம் மிகுதி’ என்று பாண்டியராஜன் குறிப்பேட்டில் பதிவு செய்தார். அடுத்த வாரம் மாரீஸ்வரியின் கொத்துகள் கருகி உதிரத் தொடங்கின. ஆடி முடிவதற்குள் பந்தலில் அறுப்பதற்கு எதுவும் எஞ்சவில்லை.

ஆவணி முதல் முகூர்த்தம் வந்தது. வானத்தில் மேகமே இல்லை. சந்தனமும் குங்குமமும் பூசி, மாலை சூட்டப்பட்ட கருவி மேடையில் வீற்றிருந்தது. பின்னால் இரண்டு பெரிய படங்கள்: ஒன்றில் காய்த்துத் தொங்கும் பந்தல், மற்றதில் கருகிய பந்தல். முதல் படத்தின் கீழே ‘கருவியுடன்’ என்றும் இரண்டாவதன் கீழே ‘கருவியின்றி’ என்றும் எழுதியிருந்தது. இந்த ஒப்பீடு பாண்டியராஜனின் சொந்தச் சிந்தனை. ஓவியா கடைசி வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருந்தார்.

‘முன்னோடி விவசாயி’ மாரீஸ்வரிக்குப் பொன்னாடை போர்த்தி ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்கள். அவர் படங்களைச் சற்று நேரம் பார்த்தார்.

“ரெண்டுமே என் தோட்டந்தேன்,” என்றார். “அந்தப் படத்துல டப்பா பந்தல்ல இருந்துச்சு. இந்தப் படத்துல இந்தா நிக்கிற சார் பீரோவுல இருந்துச்சு.”

கருவி இல்லாவிட்டால் தோட்டம் அழியும் என்பது அன்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. அந்தச் சோதனையைத் தன்னந்தனியாக நடத்தி முடித்தவர் பாண்டியராஜன் என்பதை மட்டும், அந்த ஒரு கூட்டத்தில், பாண்டியராஜன் உறுதிப்படுத்தவில்லை.