'வலி'க்கு எதிராக நான்கு வாக்குகள்

உலகில் இதுவரை வெளிவந்த சொற்பொருள் நூல்கள் அத்தனையிலும் ஒரு பெருங்குறை உண்டு. அவற்றை மொழி தெரிந்தவர்கள் எழுதிவிட்டார்கள். மனிதகுலம் நெடுங்காலமாகச் சகித்துவந்த இந்த அநீதியை ஒரே மாதத்தில், மூன்றாம் மாடிக் கூட்ட அறையில், ஏசியைப் பதினெட்டில் வைத்துக்கொண்டு துடைத்தெறிந்த பெருமை ஒரு பதிப்பகத்தைச் சேரும்.

நூலின் பெயர் 'ஆங்கிலம் அறிந்த தாதியருக்கு அன்றாட ஸ்பானிஷ்: நூறு சொற்கள், பொருளும் புழக்கமும்'. தொகுத்தவளை அலுவலகத்தில் எல்லோரும் ஸ்பானிஷ் மேடம் என்பார்கள். அந்தக் கட்டடத்தில் ஸ்பானிஷ் தெரிந்த ஒரே ஜீவன் அவள்தான். நூறு சொற்களையும் ஒரே வாரத்தில் எழுதி முடித்துவிட்டாள். அவசரத்துக்குக் காரணம் அவளுடைய தங்கை. தங்கை ஒரு நர்ஸ். ஸ்பானிஷ் பேசும் நாடொன்றின் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, அடுத்த மாதம் விமானம் ஏறப்போகிறாள். மூன்று மாதம் சோதனைக் காலம். நோயாளி சொல்வது விளங்கவில்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். தங்கைக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. ஸ்பானிஷோ சுத்த சூனியம்.

ஒருத்தி ஒரு வாரத்தில் முடித்த வேலையை நிர்வாகம் எப்படி நம்பும்? 'பொருள் நிர்ணயக் குழு' அமைக்கப்பட்டது. நிர்வாகி, சட்ட ஆலோசகர், மனிதவள அதிகாரி, விற்பனை மேலாளர் என நால்வர். நால்வருக்கும் ஸ்பானிஷ் தெரியாது என்பதால் அவர்களுடைய நடுநிலை குறித்து யாருக்கும் ஐயம் எழவில்லை.

"ஒவ்வொரு வார்த்தையா வாக்கெடுப்புக்கு விடுவோம்," என்றார் நிர்வாகி. "மேடம், நீங்க மட்டும் கை தூக்க வேண்டாம்."

"ஏன் சார்?"

"உங்களுக்கு ஸ்பானிஷ் தெரியுமே. சம்பந்தப்பட்டவங்க தீர்ப்புச் சொல்லக் கூடாதில்ல."

முதல் சொல் 'சீ'. பொருள், ஆமாம். விற்பனை மேலாளர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "அப்போ என் வீட்டுக்காரி பத்து வருஷமா எனக்குச் சம்மதம்தான் சொல்லிட்டிருக்காளா?"

சொல் ஒருமனதாக நிறைவேறியது. அடுத்தது 'நோ'. இல்லை, மாட்டேன் என்று பொருள். இப்படியொரு சொல் அந்த அறையில் நிர்வாகியிடம் சொல்லப்பட்டதற்கு முன்னுதாரணம் எதுவும் கிடைக்காததால், ஒத்திவைக்கப்பட்டது.

'அயூதா' வந்ததும் சட்ட ஆலோசகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"உதவின்னு அடிச்சுச் சொல்றீங்க. ஒருத்தர் அந்த வார்த்தையைச் சொல்லி, உதவி வரலைன்னா?"

"அதுக்கு நாம என்ன சார் பண்றது?"

"அதைத்தான் நீதிமன்றத்துல கேப்பாங்க."

'உதவி (கிடைக்கலாம்)' என்று திருத்தம் செய்யப்பட்டது.

மனிதவள அதிகாரி 'மி அமோர்' என்ற இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார். "பணியிடத்துல 'என் அன்பே'யா? என்ன மேடம் இதெல்லாம்?"

"வயசான நோயாளிங்க நர்ஸைப் பாசமாக் கூப்பிடுறதுங்க."

"வயசானவங்க வேறயா? இன்னும் மோசம்."

அது போயிற்று. பிறகு விற்பனை மேலாளர் எழுந்தார். அவர் எழுந்தால் திரையில் வரைபடம் வரும். வந்தது.

"வலி, பயம், காய்ச்சல், ரத்தம். புரட்டினா ஆஸ்பத்திரிக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு மேடம்."

"ஆஸ்பத்திரிக்குத்தான் சார் போகுது."

"போகட்டும். போற இடத்துலயாவது சந்தோஷமா இருக்கட்டுமே."

'டொலோர்', அதாவது வலி, வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக நான்கு வாக்குகள். ஆதரவாக எழத் துடித்த ஒரு கை மடியிலேயே கிடந்தது. வலியின் இடத்தில் 'கடற்கரை' அமர்த்தப்பட்டது. பயத்துக்குப் பதில் 'கொண்டாட்டம்'. காய்ச்சலுக்கு 'சூரிய அஸ்தமனம்'. இவ்வளவையும் அவள் விழுங்கிக்கொண்டதற்காக அட்டையில் அவள் பெயர் கொட்டை எழுத்தில் வந்தது. பத்து வருடமாக அவள் ஆசைப்பட்ட இடம் அது.

விமானத்துக்கு முந்தின நாள், தங்கை பெட்டி மேல் உட்கார்ந்து ஜிப்பை இழுத்துக்கொண்டே புத்தகத்தைப் புரட்டினாள்.

"அக்கா, வலிக்கு என்ன வார்த்தை?"

"அது... அதுல இல்லடி."

"கடற்கரை இருக்கு. ஒருத்தர் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அலறினா, அஸ்தமனம் அருமையா இருக்குன்னு சொல்லவா?"

அக்கா பெட்டியில் தொங்கிய பெயர்ச்சீட்டைச் சரிசெய்தாள்.

"உன் பேரு வேற இவ்வளவு பெருசாப் போட்டிருக்காங்க," என்றாள் தங்கை, அட்டையைத் திருப்பிக் காட்டி. "நாளைக்கு அங்க யாராவது கேட்டா, எனக்குத் தெரியாதவங்கன்னு சொல்லிடறேன்."

அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. புத்தகத்தைப் பிடுங்கினாள். கடைசியில் ஒரு பக்கம் வெறுமையாகக் கிடந்தது. அச்சகக் கணக்கில் மிஞ்சிய பக்கம். பால்பாயிண்ட் பேனாவால் ஸ்பானிஷும் எதிரே ஆங்கிலமுமாகக் கடகடவென்று எழுதினாள்: வலி, பயம், காய்ச்சல், வேண்டாம், எங்கே வலிக்கிறது, 'மி அமோர்' என்றால் கோபித்துக்கொள்ளாதே.

"கோழி கிளறின மாதிரி இருக்கு," என்றாள் தங்கை.

"உனக்குப் புரிஞ்சாப் போதும். எந்திரி, ஜிப்பு நான் போடறேன்."

பத்தாம் நாள் தங்கை கூப்பிட்டாள். "ஒரு பெரியவர் டொலோர், டொலோர்னு முனகிட்டே இருந்தார்க்கா. கடைசிப் பக்கத்தைப் பாத்து, எங்கன்னு கேட்டேன். முதுகைக் காட்டினார். டாக்டரைக் கூப்பிட்டு ஊசி போட்டாச்சு. இப்போ என்னைப் பாத்தாலே மி அமோர்தான்."

"நீ என்ன சொன்னே?"

"கோவிச்சுக்கலை. எழுதியிருக்கியே. இங்க என்னை மாதிரி வெளிநாட்டுலேருந்து வந்த எல்லா நர்ஸும் அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்துக்கிட்டாங்க. உன் கையெழுத்தைப் படிக்கவே தனியா ஒரு வகுப்பு நடக்குது."

மூன்று மாதம் முடிந்தது. தங்கையின் வேலை நிரந்தரமானது. அதே வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. 'தங்கள் நூலின் கடைசிப் பக்கம் எங்களுக்குப் பெரிதும் பயன்படுகிறது. அறுபது பிரதிகள் அனுப்பவும். மற்றப் பக்கங்கள் தேவையில்லை.'

குழு அவசரமாகக் கூடியது.

"கடைசிப் பக்கத்துல நாம என்ன போட்டோம்?" என்றார் நிர்வாகி.

"ஒண்ணுமே போடலை சார்," என்றாள் ஸ்பானிஷ் மேடம்.

"பிரமாதம். அந்த முடிவை எடுத்தது யாரு?"

நான்கு கைகள் ஒரே வேகத்தில் உயர்ந்தன.

ஆண்டு விழாவில் நால்வருக்கும் கேடயம் வழங்கப்பட்டது. அடியில் பொறிக்கப்பட்ட வாசகத்தைப் போல உண்மையான வரி அந்தப் பதிப்பகத்திலிருந்து அதுவரை வெளிவந்ததில்லை: 'இந்நூலின் ஒரு பக்கத்தில் மட்டும் தலையிடாமல் இருந்து, அதைப் பயனுள்ளதாக்கியமைக்காக.'